தாமதத்துக்குக் காரணம்

லாரி புறப்பட்ட நேரம் மூன்றரை என்று எழுதிவிட்டேன்.
மை காய்வதற்குள்
பவுனம்மாள் வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.
"ஊசியக் காணும் சார்."

மாசி மாதம். கோரையாற்றங்கரையில்
எங்கள் கொள்முதல் நிலையம்.
ஒரு தகரக் கொட்டகை, ஒரு தராசு,
ஈரம் பார்க்கும் கருவி ஒன்று
(பதினேழுக்குள் இறங்கு என்று
அதைக் கும்பிடாத விவசாயி இல்லை),
பிறகு நான். பட்டியல் எழுத்தன்,
எம்.காம்., பருவகாலப் பணி.
அறுப்பு முடிந்தால் நானும் முடிந்துபோவேன்.

கோணூசி பத்து ரூபாய்.
மேசை டிராயரில் புதிதாக நான்கு கிடந்தன.
ஒன்றை எடுத்து நீட்டினேன்.
அவள் அதைப் பார்க்கவே இல்லை.
"மூட்டைக்குள்ள போயிருக்கு சார்.
சாப்பாட்டுக்குப் பெறவு தச்சதுல."

வண்டியில் இருநூற்று ஐம்பது மூட்டை.
ஜெயசீலன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான்.
அரவை ஆலையில் காந்தம் இருக்கிறது, என்றேன்,
ஆணி கம்பி போல்ட் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும்,
யார் சோற்றிலும் போய்ச் சேராது.
"காந்தம் இருக்கட்டும் சார்.
ஊசி என்னோடதுல்ல?"

சேலைக்கு மேல் போட்ட முழுக்கைச் சட்டையோடு
டயரில் கால் வைத்து ஏறினாள்.
ஒவ்வொரு மூட்டையின் வாயையும்
விரலால் தடவிக்கொண்டே போனாள்.
"இது மலர்க்கொடி போட்டது, இழுப்பு பத்தாது.
இது காலையில போட்டது,
அப்ப சணல் நனஞ்சு கெடந்துச்சு.
இது என்னுது. இது, இந்தா இதுவும்."

மூன்று பருவமாக எண்ணுகிறேன் இந்த மூட்டைகளை.
எனக்கு அவை எல்லாம் நாற்பது கிலோ.
அன்றைக்குத்தான் எட்டிப் பார்த்தேன்:
அவள் தைத்ததில் காதுக்கு இரட்டைச் சுற்று.
கடைசித் தையல் ஒருமுறை திரும்பி
உள்ளே போய்த் தலையை மறைத்துக்கொள்கிறது.
என் கையெழுத்தே பில்லுக்குப் பில் மாறும்.

பதினொரு மூட்டையை இறக்கச் சொன்னாள்.
ஏற்றினால்தான் கூலி, இறக்கினால் இல்லை.
தங்கையன் அவள் பரம்பரையையே திட்டிக்கொண்டு
முதுகைக் கொடுத்தான்.
எந்த முனையை இழுப்பதென்று அவளுக்குத் தெரியும்.
பதினாறு தையலும் சரசரவென்று பிரிந்து
சணல் முழுசாகக் கைக்கு வந்தது,
திரும்பத் தைக்க.

நானும் ஒரு மூட்டையில் கையை விட்டேன்.
நெல்லை ஈரமாகவும் எடையாகவும் ரூபாயாகவும்
எழுதியிருக்கிறேன்; தோள்வரை அதற்குள் போனதில்லை.
வெளியே ஆற்றுக் காற்று.
உள்ளே நெல் சுட்டது,
அறுத்தது இன்னும் அதற்குத் தெரியாத மாதிரி.
சுனை அன்று ராத்திரி முழுக்க அரித்தது.

கண்டுபிடித்தது தங்கையன்.
ஒன்பதாவது மூட்டையில், கட்டைவிரலால்.
"ஆத்தாடி" என்று உதறிய கையோடு
ரத்தமும் ஊசியும் சேர்ந்து வந்தன.
பவுனம்மாள் சட்டையில் அதைத் துடைத்தாள்.
வானத்துக்கு நேராகப் பிடித்துக் காதைப் பார்த்தாள்,
சணல் தடையில்லாமல் போக
அவளே அரம் வைத்துத் தேய்த்த காது.
அவள் பிடிக்கும் இடம் மட்டும் வெள்ளி மாதிரி இருந்தது.

ஒன்பது வாயையும் மறுபடி தைத்தாள்.
அதற்கு நான் பட்டியல் போட முடியாது,
அவளும் கேட்கவில்லை.
தங்கையன் விரலைச் சப்பிக்கொண்டே மூட்டை ஏற்றினான்.
திட்டு மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது.

லாரி போனபோது நாலு இருபது.
பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு,
தாமதத்துக்குக் காரணம், இரண்டு விரல் அகலத்தில்.
ஊசி என்று எழுதினால்
மண்டல அலுவலகத்தில் சிரிப்பார்கள்.
அவள் பெயரை எழுதினால்
நாளைக்கே நிறுத்திவிடுவார்கள்.
லேசான தூறல் என்று எழுதினேன்.
வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

கொட்டகையிலிருந்து குரல் வந்தது:
"சார், அந்தப் புது ஊசிய
மலர்க்கொடிகிட்டக் குடுங்க.
அதோடது மொன மழுங்கிப்போச்சு.
பாவம், அதனாலதான் இழுப்பு வரல."